கழுகைக் கண்டோம், கைவளையத்தைக் காணவில்லை

தென் சூடானின் அயோட் என்னும் சிற்றூரில் 1993 மார்ச் மாதம் எடுக்கப்பட்ட புகைப்படம் ஒன்றை வாசகர் பலர் கண்டிருப்பர். வறண்ட தரையில் தலை கவிழ்ந்து சுருண்டு கிடக்கிறது ஒரு குழந்தை. சில அடி பின்னால், காத்திருப்பதுபோல் அமர்ந்திருக்கிறது ஒரு பிணந்தின்னிக் கழுகு. எடுத்தவர் தென்னாப்பிரிக்கரான கெவின் கார்ட்டர். அவருக்கு 1994இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஜூலையில், 33ஆம் வயதில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

முன்னொரு தவக்காலத்தில் நாம் இப்படத்தைப் பெரிதாக்கி ஆலய வாயிலில் மாட்டினோம். அந்த ஞாயிற்றுக்கிழமை உண்டியல் நிறைந்தது. நமக்கும் மனநிறைவே. திருப்பலி முடிந்து இறைமக்கள் கலைந்தபின், வயல்வேலை செய்து பிழைக்கும் ஒரு தாய் மட்டும் படத்தின் முன் நின்றுகொண்டிருந்தார். “சாமி, இந்தப் பிள்ளையோட அம்மா எங்கே?” என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. இக்கட்டுரை அக்கேள்விக்கு நாம் செலுத்தும் காலங்கடந்த கடன்.

படம் வெளியான நாள்முதல் உலகம் கேட்டது வேறொரு கேள்வி: படம் எடுத்தவர் குழந்தையைத் தூக்கினாரா? கழுகை விரட்டியதாகக் கார்ட்டர் கூறினார். அது போதாது என்று பலர் அவரைப் பழித்தனர். அக்கேள்வி நியாயமற்றதன்று, ஆனால் வசதியானது. குற்றவாளி ஒருவர் கிடைத்துவிட்டால், பார்ப்பவர் விடுதலை பெறுகிறார். பழியெல்லாம் படமெடுத்தவர்மேல் விழ, பசியை உண்டாக்கியவரைக் கேட்பார் எவருமில்லை.

இப்படத்தின் வல்லமையும் குறையும் ஒன்றே. அது அனைத்தையும் நீக்கிவிட்டு இருவரை மட்டும் விட்டுவைக்கிறது. கழுகு இயற்கையின் உயிர். ஆதலால் பசியும் இயற்கையின் செயலாகவே தோன்றுகிறது. உண்மை அதுவன்று. சூடானில் 1983இல் மூண்ட உள்நாட்டுப் போர் 2005 வரை நீடித்தது. 1991 ஆகஸ்டில் தெற்கின் விடுதலை இயக்கமே பிளந்தது. பிரிந்த அணிக்கு ரீக் மச்சார் தலைமை ஏற்றார். அணிகள் மோதியதில் கால்நடைகள் பறிபோயின, குடிசைகள் எரிந்தன, உழவர் ஊரைவிட்டு ஓடினர். அயோட், வாட், கோங்கோர் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட நிலத்தைப் ‘பசி முக்கோணம்’ என்றே நிவாரணப் பணியாளர் அழைத்தனர். அம்முக்கோணத்தை வரைந்தது வானமன்று, மனிதர் கை.

இன்னொன்றையும் நாம் காணத் தவறினோம். குழந்தையின் கையில் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கிறது. உணவு மையத்தில் பதிவு செய்யப்பட்டதற்கான அடையாளம் அது. யாரோ ஒருவர் அக்குழந்தையை எடை பார்த்து, எண்ணிட்டு, பராமரிப்பில் சேர்த்திருந்தார். பெற்றோர் அருகிலேயே வானூர்தியில் வந்த உணவைப் பெறச் சென்றிருந்தனர் என்று, கார்ட்டருடன் பயணம் செய்த ஜோவா சில்வா பின்னர் கூறினார். 2011இல் ஸ்பானிய நாளேடு ஒன்று அயோட் சென்று விசாரித்தது. அது ஆண் குழந்தை என்றும், அப்பசியில் அவன் மடியவில்லை என்றும், வளர்ந்து 2007 அளவில் காய்ச்சலால் இறந்தான் என்றும் குடும்பத்தார் கூறியதாக எழுதியது. அந்தத் தாயின் கேள்விக்கு விடை படத்திலேயே, கைவளையமாக, இருந்தது. நாம் கழுகையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த வளையத்தின் பின்னே ஒரு பெரும் விவாதமும் உண்டு. 1989இல் ஐக்கிய நாடுகள் அவை தொடங்கிய ‘சூடான் உயிர்நாடி’ நிவாரணத் திட்டம், அரசிடமும் கிளர்ச்சியாளரிடமும் ஒருசேர அனுமதி பெற்றே உணவு கொண்டுசென்றது. அநீதியை வாய்விட்டுச் சொன்னால் வழி அடைபடலாம். சொல்லாவிட்டால் உணவின் ஒரு பகுதி ஆயுதம் ஏந்தியோர் வயிற்றுக்கே போகலாம். சோறு முதலா, நீதி முதலா? 1995இல் கிளர்ச்சி இயக்கங்களோடு செய்துகொண்ட விதிமுறைகள், ஜெனீவா உடன்படிக்கைகளையும் குழந்தை உரிமை உடன்படிக்கையையும் ஏற்குமாறு கோரின. இரண்டையும் ஒரே தாளில் எழுதும் முயற்சி அது. அவ்விதிகள் பலமுறை மீறப்பட்டன என்பதும் மெய்யே. எனினும், மீறல் என்று சுட்டிக்காட்ட ஓர் அளவுகோலாவது கிடைத்தது.

தொடக்க நூலில் இறைவன் காயினிடம் இரு கேள்விகள் கேட்கிறார். தம்பி எங்கே என்பது முதலாவது. அவன் செய்தது என்ன என்பது இரண்டாவது. முன்னது இரக்கத்தின் குரல். பின்னது நீதியின் குரல். நாம் நம் பங்கில் முதற்கேள்வியை ஒலித்துவிட்டு, இரண்டாவதை அரசியல் என ஒதுக்கினோம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அப்படி ஒதுக்கவில்லை. 2011இல் தனிநாடான தென் சூடான், 2013இல் மீண்டும் உள்நாட்டுப் போரில் வீழ்ந்தது. அதன் தலைவர்களை அவர் 2019 ஏப்ரலில் வத்திக்கானுக்குத் தியானத்திற்கு அழைத்து, அமைதி காக்குமாறு மன்றாடி, மண்டியிட்டு அவர்கள் பாதங்களை முத்தமிட்டார். முத்தம் பெற்றவர்களுள் அதே ரீக் மச்சாரும் ஒருவர். இப்படத்தில் குழந்தை இல்லை, கழுகு இல்லை. முந்தைய படம் வெட்டி விலக்கிய மனிதர்கள் இங்கே முகத்தோடும் பெயரோடும் இருக்கின்றனர். அந்த மண்ணில் அமைதி இன்னும் வேரூன்றவில்லை. ஆயினும் கேள்வி சேரவேண்டிய இடம் சேர்ந்தது.

அடுத்த தவக்காலத்தில் நம் வாயிலில் ஏதேனும் படம் மாட்ட நேர்ந்தால், அதன் கீழே அவ்வூரின் பெயரும், பசி வந்த காரணமும் எழுதப்பட்டிருக்கும். உண்டியல் குறையக்கூடும். ஆனால் அந்தத் தாய் மீண்டும் வந்து கேட்டால், இம்முறை நாம் வாய்மூடி நிற்கமாட்டோம்.