ஸ்டீவி ரே வான்: கடனும் வலது கையும்

ப்ளூஸ் கேட்கிற இரண்டு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சு ஸ்டீவி ரே வான் பக்கம் திரும்புகிறது. அரைமணி நேரத்தில் ஒருவர் குரலை உயர்த்தியிருப்பார், இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனில் ஏதாவது ஒரு பாட்டைத் தேடிக்கொண்டிருப்பார். "இதைக் கேளு, அப்புறம் பேசு" என்று சொல்வதற்காக.

1990 ஆகஸ்ட் 27, நள்ளிரவு தாண்டிய நேரம். விஸ்கான்சினில் ஆல்பைன் வேலி அரங்கில் எரிக் கிளாப்டன், பட்டி கை, ராபர்ட் க்ரே, அண்ணன் ஜிம்மி வான் ஆகியோரோடு ஒரே மேடையில் வாசித்துவிட்டு ஸ்டீவி ஹெலிகாப்டரில் ஏறினார். மூடுபனி. பக்கத்திலிருந்த குன்றில் மோதி அதிலிருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். அவருக்கு வயது 35. அவர் வாழ்ந்த அளவுக்கு ஆண்டுகள் அதன்பிறகும் ஓடிவிட்டன. சண்டை மட்டும் ஓயவில்லை.

சண்டையில் மூன்று கட்சிகள். முதல் கட்சிக்கு அவர் கடைசிப் பெரிய ப்ளூஸ் கிட்டார்காரர். சிந்தசைசரும் எம்டிவியும் ஆண்ட 80களில், மூன்று பேர் கொண்ட ஒரு குழுவை வைத்துக்கொண்டு ப்ளூஸை மறுபடி வானொலிக்குக் கொண்டுவந்தவர். இரண்டாவது கட்சி சிரிக்கும். "அட போப்பா, ஆல்பர்ட் கிங் பாதி, ஹெண்ட்ரிக்ஸ் பாதி. சொந்தமா என்ன இருக்கு?" அந்தச் சிரிப்புக்குப் பின்னால் கோபமும் உண்டு. கறுப்பர்கள் உண்டாக்கிய இசைக்கு ஒரு வெள்ளை இளைஞர் மூலமாகத்தான் கூட்டமும் காசும் வந்தது என்ற கோபம். மூன்றாவது கட்சி கொஞ்சம் சலித்துப்போனவர்கள். "அவர் நல்லவர்தான்யா. அவரைப் பார்த்துக் கிளம்பினவங்கதான் தாங்கலை" என்பார்கள்.

நான் மூன்றிலும் இருந்திருக்கிறேன். முதலில் பக்தன். பிறகு ஆல்பர்ட் கிங்கின் 1967 தொகுப்பான 'பார்ன் அண்டர் எ பேட் சைன்' காதில் விழுந்தது. ஏமாற்றப்பட்ட மாதிரி இருந்தது, கட்சி மாறினேன். இன்று எனக்குத் தோன்றுவது இதுதான்: இரண்டாவது கட்சி முன்வைக்கும் சாட்சியங்கள் பெரும்பாலும் சரி. அவற்றிலிருந்து அவர்கள் எட்டும் தீர்ப்புதான் தவறு. ஏன் தவறு என்று புரிய, நாம் எல்லோரும் கேட்கப் பழகிய இடத்தை விட்டு வேறு இடத்தில் கேட்க வேண்டும்.

*

முதலில் சாட்சியங்கள்.

1983 ஜூனில் வந்த முதல் தொகுப்பு 'டெக்ஸஸ் ஃப்ளட்'. பத்துப் பாடல்கள், அவற்றில் நான்கு பிறருடையவை. ஹௌலின் வுல்ஃப், பட்டி கை, ஐஸ்லி பிரதர்ஸ் ஆகியோரிடமிருந்து ஒவ்வொன்று. தலைப்புப் பாடல் லாரி டேவிஸுடையது, ஹூஸ்டனின் ட்யூக் நிறுவனத்துக்காக அவர் 1958ல் பாடியது. அதில் கிட்டார் வாசித்தவர் ஃபென்டன் ராபின்சன். ஸ்டீவியின் சொந்தப் பாடல் என்று பதிவான 'ரூட் மூட்'கூட லைட்னின் ஹாப்கின்ஸின் ஒரு வாத்தியத் துண்டிலிருந்து முளைத்ததுதான். அதே ஆண்டு டேவிட் போவியின் 'லெட்ஸ் டான்ஸ்' தொகுப்பில் அவர் வாசித்த தனி ஆவர்த்தனங்களைக் கேளுங்கள். ஆல்பர்ட் கிங்கைத் தெரிந்தவர்களுக்கு அது யாருடைய மொழி என்று சொல்லத் தேவையில்லை. அடுத்த ஆண்டு வந்த இரண்டாவது தொகுப்பில் ஹெண்ட்ரிக்ஸின் 'வூடூ சைல்ட்' நேரடியாகவே இருக்கிறது.

கதவுகள் திறந்த விதத்தையும் பார்க்கலாம். 1982 ஜூலை, சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ இசை விழா. கையில் ஒரு தொகுப்புகூட இல்லாத குழு, பெரும்பாலும் மின்சாரமில்லாத ப்ளூஸ் கேட்க வந்திருந்த கூட்டத்தின் முன்னால் முழுச் சத்தத்தோடு வாசித்தது. கூட்டத்தில் ஒரு பகுதி ஊளையிட்டது. அந்த ஊளை பின்னாளில் வெளிவந்த ஒலிப்பதிவில் தெளிவாகவே கேட்கிறது. ஆனால் அந்தப் பயணத்தில்தான் போவி அவரைக் கேட்டார், ஜாக்ஸன் ப்ரௌன் தன் ஒலிப்பதிவுக் கூடத்தை இலவசமாகத் தந்தார். அங்கே சில நாட்களில் பதிவானதுதான் முதல் தொகுப்பு. அதை எடுத்துக்கொண்டு போனவர் பில்லி ஹாலிடேயையும் பாப் டிலனையும் கொண்டுவந்த அதே ஜான் ஹாமண்ட்.

லாரி டேவிஸுக்கு இப்படி ஒரு வாரம் வாய்க்கவில்லை. 1994ல் அவர் இறந்தபோது, அவருடைய பாட்டை உலகம் இன்னொருவர் பெயரில்தான் அறிந்திருந்தது. ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் ஆல்பர்ட் கிங்குக்கு 2013ல் இடம் கொடுத்தார்கள். அவர் இறந்து இருபது ஆண்டுகள் கழித்து. ஸ்டீவிக்கும் அவர் குழு டபுள் ட்ரபிளுக்கும் 2015ல். ஆசானுக்கும் சீடருக்கும் நடுவே இரண்டே ஆண்டு. இதையெல்லாம் ஸ்டீவி செய்யவில்லை என்பது உண்மை. இந்த ஏற்பாட்டின் பலன் அவருக்குக் கிடைத்தது என்பதும் உண்மை. முதல் கட்சிக்காரர்கள் இந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறார்கள். போகக் கூடாது.

*

இனி தீர்ப்பு. "நகல்" என்கிறார்கள். நகல் என்றால் என்ன என்று கைகளை வைத்தே பார்ப்போம்.

ஆல்பர்ட் கிங் இடது கைக்காரர். வலது கைக்காரர்களுக்குக் கம்பி கட்டிய கிட்டாரை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். மெல்லிய கம்பி முகத்துக்குப் பக்கத்தில், தடித்த கம்பி கீழே. ஆகவே ஒரு சுரத்தை வளைக்க அவர் கம்பியைக் கீழ்நோக்கி இழுப்பார். முழுக் கையின் கனமும் அந்த இழுப்பில் இறங்கும். அந்தக் கனம்தான் அவருடைய குரல். ஸ்டீவி வலது கைக்காரர், கம்பிகள் வழக்கமான வரிசையில். கிங் கீழே இழுத்ததை ஸ்டீவி மேலே தள்ள வேண்டும். அதையும் பெரும்பாலான ராக் கிட்டார்காரர்கள் 009, 010 அளவுக் கம்பி கட்டும்போது இவர் 013 கட்டிக்கொண்டு செய்தார். சுருதியை ஈ ஃப்ளாட்டுக்கு அரைப்படி இறக்கியும் அந்தக் கம்பி லேசில் வளையாது. விரல்நுனித் தோல் கிழியும், சூப்பர் க்ளூ வைத்து ஒட்டிக்கொண்டு மறுபடி மேடையேறுவார்.

ஒரே ஒலியை எதிர்த்திசையிலிருந்து அடைவதற்கு நகலெடுப்பது என்று பெயரில்லை. ஒருவர் பேசும் மொழியை இன்னொரு வாயால் பேசக் கற்றுக்கொள்வது அது. உச்சரிப்பு முதலில் அப்படியே ஆசானுடையதாகத்தான் இருக்கும். கேள்வி, கற்றுக்கொண்ட பிறகு சொல்ல என்ன இருந்தது என்பதுதான்.

அங்கேதான் நாம் தவறான கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மூன்று கட்சிகளும் தனி ஆவர்த்தனங்களை வைத்துத்தான் சண்டை போடுகின்றன. அவை இடது கையின் வேலை. எந்தச் சுரம், எவ்வளவு வளைவு, யாரிடமிருந்து எடுத்தது. வலது கையை யாரும் பேசுவதில்லை.

'ப்ரைட் அண்ட் ஜாய்' போடுங்கள். பாட்டு தொடங்கும்போதே கவனியுங்கள். கீழ்ச்சுரங்களில் ஒரு பேஸ் வரி நடக்கிறது. அந்த நடையின் இடைவெளிகளில் மேல்கம்பிகள் மேல்நோக்கிய வீச்சில் வெட்டுப்படுகின்றன. டொம்-சக், டொம்-சக். இரண்டு பேர் வாசிப்பது போலிருக்கும். ஒரே ஆள்தான். வலது கை ஆறு கம்பிகளிலும் தயங்காமல் வீசிக்கொண்டே இருக்கிறது, வேண்டாத கம்பிகளை இடது கை தொட்டு அடக்குகிறது. கொஞ்சம் பிசகினாலும் இரைச்சலாகிவிடும். பேஸில் டாமி ஷானன், ட்ரம்ஸில் க்றிஸ் லேட்டன், இவர் என்று மூன்றே பேர் இருந்த குழு ஏன் ஓட்டையில்லாமல் ஒலித்தது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

ஷஃபிள் தாளம் டெக்ஸஸுக்குப் பழையது. அதை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் ஒரு மின்சார கிட்டார் தாளம், பேஸ், மெட்டு மூன்றையும் இவ்வளவு கனத்தோடு ஒரே வீச்சில் சுமப்பதை ஆல்பர்ட் கிங்கிடம் தேடினால் கிடைக்காது. அவர் தாளம் வாசிப்பவரே அல்ல, சுரத்தை எறிந்துவிட்டுக் காத்திருப்பவர். ஹெண்ட்ரிக்ஸிடம் தாள அழகு உண்டு, ஆனால் அது மிதக்கும், இது நடக்கும். இந்த நடையில் ஜிம்மியின் பங்கு பெரியது. மூன்றரை வயது மூத்த அண்ணன், தேவைக்கு மேல் ஒரு சுரமும் வாசிக்காதவர். தம்பி சிறுவயதில் கேட்டதெல்லாம் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்த இசைத்தட்டுகள்தான். ஆக, "சொந்தமா என்ன இருக்கு?" என்ற கேள்விக்கு என் பதில்: வலது கை இருக்கிறது.

*

கடனைப் பற்றி இன்னொன்று. கடன் வாங்கியவர்கள் இரண்டு வகை. ஒருவகை, கொடுத்தவர் தெருவில் எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிவிடும். ஸ்டீவி அந்த வகையல்ல. அவர் முதன்முதலில் வாங்கிய இசைத்தட்டு லானி மேக்குடைய 'வாம்'. 1985ல், லானி மேக்கை எல்லோரும் மறந்திருந்த நேரத்தில், அவருடைய 'ஸ்ட்ரைக் லைக் லைட்னிங்' தொகுப்பை உடனிருந்து தயாரித்து அதில் வாசிக்கவும் செய்தார். 1984ல் ப்ளூஸ் உலகம் தனக்குள் வழங்கிக்கொள்ளும் டபிள்யூ.சி. ஹேண்டி விருதுகள் அவருக்குக் கிடைத்தன. ஆண்டின் சிறந்த கலைஞர் என்ற விருதைப் பெற்ற முதல் வெள்ளையர் அவர். பட்டி கை 1991ல் 'டாம்ன் ரைட், ஐ'வ் காட் த ப்ளூஸ்' தொகுப்போடு மீண்டு வந்தபோது அதன் கடைசித் துண்டு ஸ்டீவியின் நினைவுக்கானது.

இதனாலெல்லாம் லாரி டேவிஸின் கணக்கு நேராகிவிடுமா? ஆகாது. மூத்தவர்கள் அவரை ஏற்றுக்கொண்டார்கள் என்பது ஒரு செய்தி. சந்தை யாரை ஏற்றுக்கொண்டது என்பது வேறு செய்தி. ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்கத்தான் ரசிகர்கள் பாடுபடுகிறோம். நமக்குப் பிடித்த மனிதர் முழுக்கச் சுத்தமாக இருந்தாக வேண்டும், அல்லது முழுக்கத் திருடராக இருந்தாக வேண்டும். இரண்டுமில்லாத ஒருவரை நேசிப்பது நமக்குச் சிரமமாக இருக்கிறது.

*

மூன்றாவது கட்சிக்கு வருகிறேன். ஒருவகையில் அவர்கள் சொல்வதுதான் உறைக்கிறது. ஸ்டீவிக்குப் பிறகு வந்த ஒரு பெரும் கூட்டம் அவருடைய கிட்டார் மாடலை வாங்கியது, பெடலை வாங்கியது, தடித்த கம்பியை வாங்கியது, தொப்பியைக்கூட வாங்கியது. சுரங்களை அள்ளிக் கொட்டியது. காசு கொடுத்து வாங்க முடிந்ததையெல்லாம் வாங்கிவிட்டார்கள். வலது கை கடையில் கிடைக்காது.

ஆனால் பழி முழுவதும் அவர்கள் மேல் இல்லை. ஸ்டீவியே சில இரவுகளில் அளவுக்கு மீறி வாசித்தார். குடியும் கொக்கெய்னும் உச்சத்திலிருந்த 80களின் நடுப்பகுதி மேடைப் பதிவுகளில் வேகம் இருக்கும், மூச்சு இருக்காது. 1986ல் ஐரோப்பியப் பயணத்தின் நடுவே உடல் சரிந்தது. சிகிச்சைக்குப் போனார், நிறுத்தினார். 1989ல் 'இன் ஸ்டெப்' வந்தது. அதன் கடைசித் துண்டு 'ரிவியெரா பாரடைஸ்', எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடுகிற, பாட்டில்லாத, ஏறக்குறைய ஜாஸ் போன்ற ஒன்று. அதில் அவர் அவசரப்படவே இல்லை. ஒரு சுரம் அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததை வைக்கிறார். அடுத்த ஆண்டு ஹெலிகாப்டர். அவரைப் பின்பற்றியவர்கள் நின்றது 1985ல். அவர் அங்கே நிற்கவில்லை. இந்தச் சண்டையில் எனக்கு உண்மையாகவே வலிக்கிற இடம் இது.

*

கடைசியாக ஒரு ஒலிப்பதிவு. 1983 டிசம்பர் 6, கனடாவின் ஹாமில்டன் நகரில் ஒரு தொலைக்காட்சி நிலையம். ஆல்பர்ட் கிங்குக்கு வயது 60, ஸ்டீவிக்கு 29. வரப்போகிற பையன் யாரென்று கிங்குக்குப் பெயரால் தெரியவில்லை, முகத்தைப் பார்த்த பிறகே ஆஸ்டினில் தன்னோடு மேடையேற விட்ட ஒல்லிப் பையன் என்று புரிந்தது என்று சொல்வார்கள். 1999ல்தான் இது 'இன் செஷன்' என்ற பெயரில் தொகுப்பாக வந்தது. அநேகமாக எல்லாமே கிங்கின் பாடல்கள், ஸ்டீவியுடையது 'ப்ரைட் அண்ட் ஜாய்' மட்டும்.

கால் மணி நேரம் ஓடும் 'ப்ளூஸ் அட் சன்ரைஸ்' அதில்தான் இருக்கிறது. ஸ்டீவி தனியாக வாசிக்கும் இடத்தில் ஆசானின் சொற்களை ஆசான் முன்னாலேயே பேசுகிறார். ஒளிவுமறைவு இல்லை. அதைக் கேட்டு இரண்டாவது கட்சி "பார்த்தியா!" என்று சொல்லும். சொல்லட்டும். நீங்கள் கிங் வாசிக்கும் இடங்களுக்குப் போங்கள். பெரியவர் ஒரு சுரத்தை எறிந்துவிட்டு நிற்கிறார். அந்த வெற்றிடத்தில் நுழைந்து தன்னைக் காட்டிக்கொள்ள அந்த ஆண்டு உலகப் புகழ் பெற்ற இளைஞருக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. அவர் நுழையவில்லை. அடியில் மெதுவாகத் தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, கிங் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

1958ன் லாரி டேவிஸ், 1983ன் 'டெக்ஸஸ் ஃப்ளட்', பிறகு இந்த ஒலிப்பதிவு. இந்த வரிசையில் ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள். சண்டையை அங்கிருந்து தொடரலாம்.