கோடரி ஓய்ந்த எப்பிங் காடு

கிழக்கு லண்டனில் மேனர் பார்க் முருகன் கோயிலிலிருந்து வடக்கே சிறிது தூரம் நடந்தால் வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் என்ற விரிந்த புல்வெளி வந்துவிடும். ஈஸ்ட் ஹாமிலும் இல்ஃபோர்டிலும் குடியிருக்கும் தமிழர்களுக்கு அது பிள்ளைகள் பந்து விளையாடும் இடம், மாலை நடைக்கான இடம். எப்பிங் காடு தொடங்குவது அங்கேதான். வீடுகளுக்கும் சாலைகளுக்கும் நடுவே, சில இடங்களில் மெலிந்தும் சில இடங்களில் அகன்றும், ஏறத்தாழ 19 கிலோமீட்டர் வடக்கு நோக்கிப் போய், எப்பிங் என்ற சிற்றூரைத் தாண்டி அது முடிகிறது. மொத்தம் சுமார் 2,400 ஹெக்டேர். இங்கிலாந்தில் 1600-க்கு முன்பிருந்து தொடர்ந்து காடாக இருந்துவரும் நிலத்தையே பழங்காடு என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். எப்பிங்கோ 12ஆம் நூற்றாண்டிலேயே அரசனின் வேட்டைக்காடு. பீச், ஹார்ன்பீம், ஓக் என்று 50,000-க்கும் மேற்பட்ட முதிய மரங்கள் அங்கே இன்னும் நிற்கின்றன. ஒரு பெருநகரத்தின் விளிம்பில் இது சாதாரணச் செல்வம் அல்ல.

இந்தக் காட்டைப் பற்றிப் பேச வருகிறவர்கள் 1878ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புகழ்ந்துதான் தொடங்குவார்கள். புகழத்தக்க சட்டம்தான். ஆனால் நிலத்தைக் காப்பாற்றிய அதே சட்டம், அந்த மரங்களை உருவாக்கிய வேலையை நிறுத்திவிட்டது. இன்று அங்கே நடக்கும் மரப் பராமரிப்பின் பெரும்பகுதி, அந்த ஒரு முடிவின் விளைவைச் சரிசெய்யும் முயற்சியே. அந்த முயற்சியில் எது நன்று, எது போதாது என்பதே இங்கே கேள்வி.

முருங்கையை ஒடித்துத்தான் வளர்க்க வேண்டும் என்பார்கள் நம் ஊரில். எப்பிங் மரங்கள் வளர்ந்த விதமும் அதுதான். தரையிலிருந்து இரண்டு, மூன்று மீட்டர் உயரத்தில் மரத்தின் தலையை வெட்டிவிடுவார்கள். மான்களுக்கும் மாடுகளுக்கும் எட்டாத உயரத்தில் புதுத் துளிர் கிளம்பும். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவை விறகுக்கு ஏற்ற கிளைகளாகிவிடும். மறுபடி வெட்டு, மறுபடி துளிர். இப்படி வெட்டப்படும் மரம் செத்துப்போகாது என்பது மட்டுமில்லை, வெட்டாத மரத்தைவிட நெடுங்காலம் வாழும். தலைப்பாரம் குறைவு என்பதால் காற்று அதைச் சாய்ப்பதில்லை. ஆண்டுகள் போகப்போகப் பூஞ்சை உள்மரத்தைத் தின்று அடிமரத்தைப் பொந்தாக்கும். அந்தப் பொந்துதான் இந்தக் காட்டின் உயிர்நாடி. மட்கும் மரத்தை நம்பி வாழும் வண்டுகள் பலவற்றுக்கு அதைவிட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

மான் அரசனுக்கு, மண் நிலக்கிழாருக்கு, புல்லும் கிளையும் ஊராருக்கு. காட்டின் பழைய ஏற்பாடு ஏறக்குறைய இதுதான். லவ்ட்டன் என்ற ஊரில் நவம்பர் 11 நள்ளிரவு தொடங்கி ஏப்ரல் 23 வரை கிளை வெட்டலாம் என்பது வழக்கம். இந்த ஏற்பாட்டுக்கு 19ஆம் நூற்றாண்டில் ஆபத்து வந்தது. பக்கத்திலிருந்த ஹெய்னால்ட் காடு 1851இல் அரச காடு என்ற தகுதியை இழந்தது. அதன் பெரும்பகுதி சிறிது காலத்திலேயே அழிக்கப்பட்டு வயலானது. 1860களில் லவ்ட்டனின் நிலக்கிழார் காட்டுக்கு வேலி போட்டார். தாமஸ் வில்லிங்கேல் என்ற கூலித் தொழிலாளியின் குடும்பம் வேலியை மதிக்காமல் கிளை வெட்டியது. அவருடைய உறவினர்கள் 1866இல் சிறைக்குப் போனார்கள். பிறகு லண்டன் நகர மாநகராட்சி களமிறங்கியது. காட்டை ஒட்டித் தன் இடுகாட்டுக்காக வாங்கிய நிலத்தோடு அதற்கும் மேய்ச்சல் உரிமை சேர்ந்திருந்தது. அந்த உரிமையைப் பிடித்துக்கொண்டு 1871இல் வழக்குத் தொடுத்து 1874இல் வென்றது. காட்டைக் காக்கும் பொறுப்பை மாநகராட்சியிடம் ஒப்படைத்த சட்டம் 1878இல் வந்தது. 1882 மே 6 அன்று விக்டோரியா அரசி ஹை பீச் என்ற இடத்துக்கு வந்து காட்டை மக்களுக்கு அர்ப்பணித்தார்.

அதே சட்டம் கிளை வெட்டும் உரிமையை ரத்து செய்தது. அதற்கு ஈடாகக் கொடுத்த பணத்தில் லவ்ட்டனில் 1884இல் ஒரு பொது மண்டபம் எழுந்தது. லாப்பிங் ஹால் என்ற பெயரோடு இன்றும் நிற்கிறது. வெட்டும் உரிமைக்காகச் சிறைக்குப் போனவர்களின் ஊருக்குக் காடு கிடைத்தது, வெட்டும் உரிமை போய்விட்டது.

அன்றைய முடிவை இன்றிருந்து ஏசுவது எளிது. லவ்ட்டனுக்கு 1856இல் ரயில் வந்தபோதே நிலக்கரியும் வந்துவிட்டது. விறகின் தேவை எப்படியும் குறைந்துகொண்டுதான் இருந்தது. வளர்ந்துகொண்டிருந்த லண்டனுக்குப் பக்கத்தில் கட்டுப்பாடற்ற வெட்டு எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்ற அச்சமும் பொய்யானதில்லை. என் குறை வேறு. தலை வெட்டிய மரங்களைக் காக்க வேண்டும் என்று சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருந்தது. காட்டின் இயற்கைத் தோற்றத்தைக் காக்க வேண்டும் என்றும் சொன்னது. மாநகராட்சியின் காவலர்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். ஓங்கி வளர்ந்த மரமே இயற்கை, வெட்டுப்பட்ட மரம் ஊனம் என்பது அந்தக் காலத்து ரசனை. உண்மையில் எப்பிங்கின் மண்ணில் புதைந்த மகரந்தத்தை 1970களில் ஆராய்ந்தபோது, ஆங்கிலோ-சாக்சன் காலம் வரை அங்கே லிண்டன் மரங்களே ஓங்கியிருந்தன என்று தெரியவந்தது. பீச்சும் ஹார்ன்பீமும் மேலோங்கியது மனிதர் வெட்டியும் மேய்த்தும் வந்த நூற்றாண்டுகளில். இயற்கை என்று நினைத்துக் காத்தது மனிதர் கைபட்டு உருவான காட்டை.

வெட்டு நின்றதன் விளைவை கிரேட் மங்க் வுட் பகுதியில் கண்ணால் பார்க்கலாம். ஒரு பீச் மரத்தின் அடியை இரண்டு பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. மேலே ஆள் உயரத்தைத் தாண்டியதும், பல நூறு வெட்டுகளின் தழும்பு திரண்ட முண்டும் முடிச்சுமான ஒரு மேடை. அதிலிருந்து ஆறேழு கிளைகள் நேராக வானத்துக்குப் போகின்றன. ஒவ்வொன்றும் ஒரு முழு மரத்தின் பருமன். அடியில் புல் கிடையாது, பூ கிடையாது. பழுப்பு இலைச் சருகும் அங்கங்கே ஹாலிப் புதரும்தான். உள்ளே பொந்தான அடிமரத்தால் இந்தப் பாரத்தைத் தாங்க முடிவதில்லை. பெருங்காற்றில் ஒரு கிளை முறியும்போது அடிமரமும் சேர்ந்து பிளக்கிறது. கிளை உதிர்ந்த குழியின் விளிம்பில் மழைநீர் கசியும் இடத்தில் ஸைகோடான் ஃபார்ஸ்டெரி என்ற சின்னஞ்சிறு பாசி வளரும். பிரிட்டனில் எப்பிங், பர்னம் பீச்சஸ், நியூ ஃபாரஸ்ட் என விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் அது உண்டு. மரம் விழுந்தால் அந்தப் பாசிக்கும் இடமில்லை.

கடந்த சில பத்தாண்டுகளாகக் கோடரிக்குப் பதில் சங்கிலி ரம்பம் திரும்ப வந்திருக்கிறது. பரி வுட், பார்ன் ஹாப்பிட் போன்ற பகுதிகளில் பழைய மரங்களைச் சுற்றி நெருக்கும் இளமரங்களை அகற்றி, தலையைக் குறைத்து, வெளிச்சத்தை உள்ளே விடுகிறார்கள். ஹார்ன்பீமில் இது நன்றாகப் பலிக்கிறது. நூறாண்டுக்கு மேல் வெட்டுப்படாத மரமும் அடுத்த கோடையில் துளிர்த்து நிற்கும். தரையில் புல்லும் காட்டுப்பூக்களும் திரும்புகின்றன.

பீச் அப்படி இணங்குவதில்லை. நெடுங்காலம் விட்டுவிட்டு ஒரேயடியாகத் தலையை வாங்கினால் பல பீச் மரங்கள் செத்துப்போகின்றன. இதே மாநகராட்சி 1880இல் வாங்கிய பர்னம் பீச்சஸ் காட்டிலும் இந்தப் பாடம் கிடைத்தது. இலையுள்ள கிளைகள் சிலவற்றை விட்டுவைத்து, பல ஆண்டுகளில் படிப்படியாக உயரத்தைக் குறைப்பதுதான் இப்போதைய முறை. நிதானமான, அறிவுள்ள முறை. ஆனால் செலவு பல மடங்கு. ஒரு மரத்துக்கே பலமுறை ஏற வேண்டும். எல்லாப் பீச்சுக்கும் இதைச் செய்ய ஆளும் காலமும் போதாது என்பதை ஒப்புக்கொண்டு, எவற்றைக் காப்பது என்று தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். வலியோடுதான் சொல்கிறேன். பெரிய பீச்சுகளில் பலவற்றை நம் காலத்திலேயே இழக்கப்போகிறோம்.

வெட்டுக்கு எதிர்ப்பும் உண்டு. முழு மரமாகப் பார்த்துப் பழகிய ஒன்று ஒருநாள் மொட்டைக் கட்டையாக நிற்பதைப் பார்ப்பவருக்கு மனம் பதறுவது இயல்பு. அவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்குவது தவறு. மரத்தின் மீதுள்ள அதே பற்றுதான் 1870களில் இந்தக் காட்டைக் காப்பாற்றியது. வெட்டும் இடத்திலேயே, வெட்டுவதற்கு முன்பே, காரணத்தைச் சொல்லும் வேலை மர வேலையின் ஒரு பாதியாக வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை பணம் வரும் விதத்தில் இருக்கிறது. மறுசீரமைப்பின் கணிசமான பகுதி லாட்டரி வருவாயிலிருந்து வரும் மரபு நிதி போன்ற மானியங்களில் நடந்தது. மானியம் ஒரு திட்டத்துக்கு வரும், சில ஆண்டுகளில் முடியும். மரமோ பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை வெட்டைக் கேட்கும். ஒருமுறை வெட்டிவிட்டு மறுபடி கைவிட்டால் பழைய நோயையே புதிதாகத் தொடங்கி வைக்கிறோம். லவ்ட்டன்காரர்களின் வழக்கத்துக்கு ஆண்டுதோறும் வரும் குளிரே நிதியாக இருந்தது. விறகு வேண்டும், ஆகவே வெட்டினார்கள். அந்தத் தேவையை இன்று மீட்க முடியாது. லண்டனின் பெரும்பகுதி புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி. திறந்த அடுப்பில் விறகு எரிக்கத் தடை. தேவை செய்த வேலையை இனி நிர்வாகம்தான் செய்தாக வேண்டும்.

மாடுகளின் கதை சற்று ஆறுதல் தருகிறது. பொது மேய்ச்சல் உரிமையில் திரிந்த மாடுகள் வான்ஸ்டெட் தெருக்கள் வரை வந்துபோவது 1996இல் மாட்டுப் பைத்திய நோய் நெருக்கடி வரும்வரை வழக்கமாக இருந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் லாங்ஹார்ன் இன மாடுகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இப்போது அவற்றின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை. எல்லையை நெருங்கினால் ஒலி எழும், மீறினால் சிறு மின்னதிர்ச்சி. காட்டை அடைக்கக் கூடாது என்ற சட்டத்துக்கு வேலியில்லாத மேய்ச்சல் நன்றாகப் பொருந்துகிறது. பிர்ச் கன்றுகளும் முட்புதரும் திறந்தவெளிகளை விழுங்காமல் மாடுகள் பார்த்துக்கொள்கின்றன. நாள்தோறும் நிற்காமல் நடக்கிறது என்பதே இதன் பலம்.

காவலர்களின் கைக்கு எட்டாதவையும் உண்டு. 1980களில் எம்25 நெடுஞ்சாலையை இங்கே பெல் காமன் நிலத்துக்கு அடியில் சுரங்கமாகக் கொண்டுபோனார்கள். நிலம் தப்பியது, காற்று தப்பவில்லை. வாகனப் புகையின் நைட்ரஜன் மரத்தையும் பாசியையும் மண்ணையும் கெடுக்கிறது. சுற்றியுள்ள உள்ளாட்சிகள் புதிதாக வீடு கட்டுவோரிடம் காட்டுக்கென ஒரு தொகை வசூலிக்கின்றன. கூடிவரும் கால்களின் பாரத்தைச் சமாளிக்க அது உதவும். மரம் வெட்ட அதை நம்ப முடியாது.

என்னிடம் கேட்டால் முதல் இடத்தை இளமரங்களுக்குத் தருவேன். 1878க்குப் பிறகு நூறாண்டுக்கு மேல் இந்தக் காட்டில் புதிதாகத் தலை வெட்டிய மரம் உருவானதே அரிது. கிழட்டு மரங்கள் விழும்போது வண்டுகள் குடிபெயர அடுத்த தலைமுறைப் பொந்து கிடையாது. பொந்து விழ இருநூறு ஆண்டுகள்கூட ஆகலாம், அந்த இடைவெளியை எந்த மானியத்தாலும் சுருக்க முடியாது. இன்றைய இளம் ஹார்ன்பீம்களிலும் ஓக்குகளிலும் ஆண்டுதோறும் ஒரு தொகுதியைத் தலை வெட்டத் தொடங்க வேண்டும். அதற்கென்று நிரந்தரச் சம்பளத்தில் ஒரு குளிர்கால வெட்டுக் குழு வேண்டும். இந்தக் குளிரில் முதன்முறையாக வெட்டுப்படும் மரத்துக்கு அடுத்த வெட்டு எந்த ஆண்டு, அதற்கான கூலி எந்தக் கணக்கிலிருந்து என்பதை மாநகராட்சியின் வழக்கமான வரவு செலவுத் திட்டத்தில் இப்போதே எழுதி வைக்க வேண்டும்.