கட்டளையும் சாளரமும்: கணினி பழகுவோருக்கான இரு மரபுகள்

பணிசெயல் முறைமை ஒன்றைப் புதிதாகப் பழக வருபவருக்கு முதலில் எதைக் காட்டுவது? கட்டளைவரியையா, சாளரங்கள் விரியும் திரையையா? கணினி கற்பிக்கும் எவரும் இதற்கு விடை சொல்லியே ஆகவேண்டும்.

கட்டளை மரபின் பெரும் பள்ளி யுனிக்ஸ். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் அதைத் தொடங்கினார்கள். ஒரு வேலையைச் செவ்வையாகச் செய்யும் சிறு நிரல்களைத் தொடுத்துப் பெரிய வேலையை முடிப்பது அதன் நெறி. 1991இல் பிறந்த லினக்ஸும் அவ்வழியே நடந்தது. சாளர மரபு 1973இல் ஸெரொக்ஸ் ஆய்வுகூடத்தின் அல்ரோ கணினியில் உருப்பெற்றது. 1984இல் மக்கின்ரொஷும் 1995இல் விண்டோஸ் 95உம் அதை வீடுகளுக்குக் கொண்டுவந்தன.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கதை வேறு. இங்கு போரினால் 1990இலேயே மின்சாரம் நின்றுபோயிற்று. விண்டோஸ் 95 வெளியான ஆண்டின் ஒக்ரோபர் இறுதியில் குடாநாட்டின் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தது. வெளியுலகம் டொஸ் கட்டளைகளில் பழகிச் சாளரங்களுக்கு மாறிய அந்த ஆண்டுகளில் எங்களில் பெரும்பாலோர் கணினியைத் தொடவே இல்லை. 2002இல் குடாநாட்டைத் தென்பகுதியோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தபின் பரவிய கணினிகள் சாளரத்தோடுதான் வந்தன. அதனால் எங்கள் பிள்ளைகளுக்குக் கட்டளைவரியை யாரேனும் தேடிக் கற்பித்தால்தான் உண்டு.

இரு மரபுகளையும் மூன்று அளவுகோல்களால் நிறுக்கலாம். முதலாவது மொழி. கே.டி.ஈ., க்னோம் ஆகிய லினக்ஸ் திரைச்சூழல்களைத் தன்னார்வலர்கள் தமிழாக்கியிருக்கிறார்கள். கட்டளைகளோ ஆங்கிலச் சுருக்கங்கள். கட்டளைகளைத் தட்டும் முனையத் திரை எழுத்துகளைச் சம அகலக் கட்டங்களில் அடுக்குவதால் ‘கொ’ போன்றவை அங்கு அடிக்கடி சிதைந்து தெரியும். தமிழ் மொழிமூலப் பிள்ளைக்குச் சாளரமே நல்ல தொடக்கம்.

இரண்டாவது, பிழையின் விலை. சாளரத்தில் அழித்த கோப்பு வழக்கமாகக் குப்பைத்தொட்டியில் கிடக்கும், மீட்கலாம். லினக்ஸின் ஆர்.எம். கட்டளை அப்படி எதையும் விட்டுவைக்காது. இங்கும் சாளரமே பாதுகாப்பு.

மூன்றாவது, செய்ததைத் திரும்பச் செய்யும் வல்லமை. இதில் கட்டளைவரிக்கு நிகரில்லை. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் மின்வடிவாக்கிவரும் ‘நூலகம்’ திட்டம் போன்ற பணிகளை எண்ணிப் பாருங்கள். தமிழ் அச்செழுத்தை வாசித்தறியும் டெசரக்ட் என்னும் திறந்த மென்பொருள் கட்டளைவரியில் இயங்குவது. ஒரு நூலின் முந்நூறு பக்கங்களையும் அதற்கு ஊட்ட ஒரு சிறு கட்டளைச் சுற்றுப் போதும். அந்த வரியைத் தாளில் எழுதிக் கொடுத்தால், வாங்கிய நண்பரும் அதே வேலையைச் செய்துகொள்வார். ‘இங்கே சொடுக்கு, அங்கே சொடுக்கு’ என்ற குறிப்போ அடுத்த பதிப்பில் திரை மாறியதும் பயனற்றுப்போகும்.

ஆகவே பயிற்றுநருக்கு என் பரிந்துரை இது. தமிழ்ச் சாளரத்தில் தொடங்குங்கள். ஆனால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். சுட்டியால் ஒரு கோப்புறையை உருவாக்கிய பிள்ளை அதே பாடவேளையில் கட்டளையாலும் ஒன்றை உருவாக்கட்டும். அது சாளரத்தில் தோன்றுவதைத் தானே பார்க்கட்டும். பிழைச் செய்தி வந்தால் நீங்கள் திருத்தாமல், அதைப் பிள்ளையையே வாசிக்க வையுங்கள். அழிக்கும் கட்டளைகள் பிறகு வரட்டும். இப்படிப் பழகிய பிள்ளை தொலைதூர வழங்கிகளையும் அச்சமின்றி ஆளும். தான் கற்றதை நாலு வரியில் எழுதி அடுத்தவருக்கும் கொடுக்கும்.