ஒரே நூலில் ஒரு ஸ்டெதாஸ்கோப்

செவிலியர் சீருடையின் சட்டைப்பைக்கு மேல் ஒரே நிற நூலில் இயந்திரம் தைத்த ஸ்டெதாஸ்கோப் வடிவம் உள்ளங்கையில் பாதிகூட இருக்காது. அதன் குழாய் வளைந்து இதயமாகிறது; இதயத்தின் குறுக்கே இசிஜி கோடு எழுந்து இறங்குகிறது. நிறம் ஒன்றே என்பதால் வேறுபாடு முழுவதையும் தையலின் திசையே காட்டியாக வேண்டும். குழாய்க்கு நெருக்கமான சாட்டின் தையல். விரலால் தடவினால் மெல்லிய வரப்பு போலப் புடைத்து நிற்கும். வளைவில் இழைகள் சிறிது சிறிதாகத் திரும்ப, ஒளியும் கூடவே திரும்புகிறது. ஒரே நிறம் ஓரிடத்தில் வெளிறியும் ஓரிடத்தில் அடர்ந்தும் தெரிவது அதனால்தான், அழகும் அங்கேதான். இசிஜி கோட்டுக்கு ஓட்டுத்தையலே போதும். ஆனால் அதன் கூர்முனைகளில் ஊசி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறங்கினால் நூல் திரண்டுவிடும், துணியும் ஓட்டையாகும். அந்த முனைகள் துல்லியமாக விழுந்திருந்தால் வடிவமைத்தவர் தேர்ந்த கை.

அவருடைய வேலை இயந்திரம் ஓடுவதற்கு முன்பே கணினித் திரையில் பெரிதும் முடிந்துவிடுகிறது. நூல் எங்கே தொடங்கி எவ்வழியாகச் சென்று எங்கே முடிய வேண்டும் என்று பொறுமையாக வகுக்கிறார். தையல் துணியை இழுத்துச் சுருக்கும் என்பதறிந்து சாட்டின் தையல் கோடுகளை மயிரிழை கூடுதல் அகலத்தில் வரைகிறார். வழி சரியாக அமைந்தால், நடுவே நிற்காமல் இயந்திரம் சீரான சடசடப்பில் ஓடி முடிக்கும். அந்த ஒலி தடுமாறாதிருப்பது காதுக்கு இதம். இதே வடிவத்தைப் பரிசுக்கான பூத்துண்டில் தைக்கும்போது மட்டும், நூல் வளையங்கள் மேலெழுந்து கோடுகளை மறைக்காதிருக்க, நீரில் கரையும் மெல்லிய தாளை மேலே விரித்துத் தைப்பார்கள்.