விதியும் வீடும்: ‘பிரிக் லேன்’ நாவலில் ஒரு புலம்பெயர்ந்த முஸ்லிம் குடும்பம்

இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில், பிரிக் லேன் எனும் தெருவின் ஒரு மூலையில் பழைய செங்கற் கட்டடம் ஒன்று நிற்கிறது. ஃபிரான்ஸில் நிகழ்ந்த சமயக் கொடுமைகளுக்குத் தப்பி வந்த ஹியூகெனாட் புராட்டஸ்டண்டுகளின் வழிபாட்டு இல்லமாக 1743இல் அது எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெதடிஸ்டுகளின் கைக்குச் சென்றது. அந்நூற்றாண்டின் இறுதியில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதர்களின் தொழுகைக்கூடமாயிற்று. 1976 முதல் அது வங்காள முஸ்லிம்களின் ஜாமிஆ மஸ்ஜித். அதன் சுவரில் பதிக்கப்பட்ட சூரியக் கடிகாரம் ‘நாம் நிழல்களே’ என்னும் பொருள்பட இலத்தீன் மொழியில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

மோனிகா அலி 2003இல் வெளியிட்ட ஆங்கில நாவல் அத்தெருவின் பெயரையே தலைப்பாகக் கொண்டது. அவ்வாண்டின் புக்கர் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்று, 2007இல் திரைப்படமாகவும் வந்தது. டாக்காவில் வங்காளத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்து சென்றவர் ஆசிரியர். இந்நாவலைச் சுற்றி எழுந்த பூசல்கள் பலருக்கும் நினைவிருக்கும். தம்மை இழிவுபடுத்துவதாகச் சில்ஹெட் வட்டார மக்கள் முறையிட்டனர். 2006இல் படப்பிடிப்புக்கு எதிர்ப்பு எழுந்தது. எழுத்தாளர்கள் இரு அணியாகப் பிரிந்து வாதிட்டனர். இந்த ஆரவாரத்தில் நாவலின் மையப்பொருள் கவனிக்கப்படாமலே போயிற்று. ஒரு முஸ்லிம் தாய் அந்நிய நாட்டின் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் பிள்ளைகளை வளர்க்கும் கதை இது. நாம் அதனை அவ்வாறே படிக்க விரும்புகிறோம்.

கதை சுருக்கமாக இது. மைமன்சிங் மாவட்டத்துச் சிற்றூரில் 1967இல் பிறந்த நஸ்னீன், பதினெட்டு வயதில், நாற்பது வயது சானுவுக்கு மணமுடிக்கப்பட்டு இலண்டன் வருகிறாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் மன்னிப்பும் நன்றியும் சொல்லும் சொற்கள் மட்டுமே. சமையல், துவைத்தல், கணவனின் கால் ஆணியைச் சீவுதல், தொழுகை, சன்னலுக்கு வெளியே பார்த்தல் என அவளது நாட்கள் கழிகின்றன. முதல் மகன் ரகீப் குழந்தையாகவே இறக்கிறான். பின்னர் ஷஹானா, பீபி என்னும் இரு பெண்மக்கள். சானு சான்றிதழ்களைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி, வாராத பதவி உயர்வுக்குக் காத்திருந்து, வேலையை விட்டு, வாடகைக் கார் ஓட்டி, இறுதியில் தாயகம் திரும்புகிறான். நஸ்னீனும் மக்களும் இலண்டனிலேயே தங்கிவிடுகின்றனர்.

அன்றாடத்தைச் சித்திரிப்பதில் ஆசிரியரின் ஆற்றல் மறுக்கவியலாதது. முப்பதாண்டுகளை இந்நகரில் கழித்த சானு, ஊர் திரும்பும் எண்ணம் உறுதிப்பட்ட பின்னரே குடும்பத்தை அழைத்துக்கொண்டு இலண்டனைச் சுற்றிப்பார்க்கப் புறப்படுகிறான். அரண்மனைக்கு முன் சுற்றுலாப் பயணிகளைப்போல நிற்கும் அக்குடும்பத்தைக் கண்டு நாம் சிரிக்கிறோம். பின் சிரித்ததற்காக வருந்துகிறோம். நூலில் குறைகளும் உள. தங்கை ஹஸீனா டாக்காவிலிருந்து எழுதும் கடிதங்கள் சிதைந்த ஆங்கிலத்தில் தரப்பட்டுள்ளன. தாய்மொழியில் எழுதும் ஒருத்தியின் நடை ஏன் அவ்வாறு சிதைய வேண்டும் என்பதற்கு நாவலில் விடையில்லை.

எனினும் நாம் ஆராய வேண்டியது இவற்றினும் ஆழமானது. நாவல் தொடங்குவதே விதியைப் பற்றிய ஒரு கதையோடுதான். பிறந்தபோது அசைவற்றுக் கிடந்த நஸ்னீனை மருத்துவமனைக்கு எடுத்துச்செல்ல மறுத்து, விதியின் கையில் விட்டுவிட்டாள் அவள் தாய் ரூப்பான். குழந்தை பிழைத்தது. அக்கதையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நஸ்னீன். ஆண்டுகள் பல கழிந்து ரகீப் நோயுற்றபோது, அவள் மருத்துவமனையில் மகனுக்காக இரவு பகலாகப் போராடுகிறாள். சானுவும் அங்கே வேறு மனிதனாகிறான். சமைத்து உணவு கொண்டுவருகிறான். தன் தாய் செய்யாததைத் தான் செய்வதாக நஸ்னீன் உணர்கிறாள். அவளது விடுதலையின் முதற்படியாக நாவல் காட்டுவது இவ்விடத்தையே. விதிக்கு அடங்குவது ஈமான். செயலாற்றுவது அதிலிருந்து விலகும் முதல் அடி என்ற சமன்பாடு வாசகனின் மனத்தில் சொல்லாமலே பதிந்துவிடுகிறது.

இச்சமன்பாட்டை நாம் ஏற்பதற்கில்லை. களா கத்ரை நம்புவது ஈமானின் கடமைகளுள் ஒன்று என்பது உண்மையே. ஆனால் செயலற்றிருத்தலை அது எங்கும் கற்பிக்கவில்லை. ஒட்டகத்தைக் கட்டிய பிறகே இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதைத் திர்மிதீ தொகுப்பு பதிவு செய்கிறது. கொள்ளைநோய் பரவிய ஷாம் தேசத்துக்குள் நுழையாது கலீஃபா உமர் (ரலி) திரும்பியபோது, இறைவனின் விதியிலிருந்தா ஓடுகிறீர் என்று அபூ உபைதா (ரலி) வினவினார். அவ்விதியிலிருந்து அவ்விதியை நோக்கியே செல்கிறோம் என்பது கலீஃபாவின் மறுமொழி. இப்பார்வையில், மகனை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய நஸ்னீன் தன் மார்க்கத்தை விட்டு ஓடியவளல்லள். அதன் நடுவில் நின்றவள். குழந்தையைக் காப்பாற்ற முயலாதிருந்த ரூப்பானின் அமைதியை ‘ஸப்ர்’ என்றழைக்க நாம் தயங்குகிறோம்.

வியப்பு யாதெனில், இத்தயக்கம் நாவலுக்குள்ளேயே இருக்கிறது. வாழ்நாள் முழுதும் விதிக்குப் பணியுமாறு மக்களுக்குப் போதித்த ரூப்பான் விபத்தில் இறக்கவில்லை. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள் என்பது பிற்பகுதியில் ஹஸீனாவின் கடிதத்தால் வெளிப்படுகிறது. ஆக, பொறுமையென அதுகாறும் காட்டப்பட்டது உண்மையில் அவநம்பிக்கை. நாவலாசிரியரின் கலையுணர்வு அவரது கருத்தைவிட நுட்பமாக இவ்விடத்தில் உண்மையைத் தொட்டுவிடுகிறது. ஆனால் அங்கிருந்து அவர் மேலே செல்லவில்லை. விதிவாதம் உடைந்த இடத்தில் உயிருள்ள ஈமான் எவ்வாறு இருக்கும் என்ற கேள்வியை அவர் எழுப்பவேயில்லை.

குர்ஆன் நஸ்னீனின் வீட்டில் உயரமான இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. மனம் கலங்கும்போது அவள் அதனை ஓதுகிறாள். பொருள் விளங்காத அவ்வோசை அவளை ஆற்றுகிறது. இதனை எள்ளல் என்று சினப்பதைவிட, நம் இல்லங்களின் படமும் இதுதானே என்று கேட்டுக்கொள்வது நேர்மை. கரீம் என்னும் இளைஞனோடு அவள் கொள்ளும் உறவு மார்க்கம் அனுமதியாத பாவம், அதில் ஐயமில்லை. நாவலும் அதனை இலகுவாகக் கடந்துவிடவில்லை. அவள் உடலும் மனமும் தளர்ந்து நோயுற்று வீழ்கிறாள். மறுபுறம், சமயப் பற்றும் மதிப்பும் உள்ளவராகத் தோன்றும் மிஸஸ் இஸ்லாம் வட்டிக்குப் பணம் கொடுத்து ஏழைக் குடும்பங்களை உறிஞ்சுகிறார். வாங்குவது வட்டியல்லவென்று குர்ஆன்மீது சத்தியம் செய்யுமாறு நஸ்னீன் கேட்க, அவர் வாயடைத்துப் போகிறார். நாவலில் குர்ஆன் உயரத்திலிருந்து இறங்கி வாழ்க்கைக்குள் வரும் இடம் இது. ஓசையாக மட்டும் இருந்த வேதம் நீதியின் அளவுகோலாக மாறும் இந்நிகழ்ச்சியே, நம் நோக்கில், நஸ்னீனின் உண்மையான விடுதலை.

இனி, பிள்ளைகள். சானு மார்க்கக் கல்வி குறித்துப் பெரிதும் கவலைப்படாதவன். பெண்மக்களை வரிசையாக நிற்கவைத்துத் தாகூரை ஒப்பிக்கச் செய்கிறான். வீட்டில் ஆங்கிலம் பேசலாகாதென்பது அவன் கட்டளை. ஷஹானா ஆங்கிலத்திலேயே எதிர்த்துப் பேசுகிறாள். அடி வாங்கினாலும் அடங்குவதில்லை. இளையவள் பீபி அனைவரையும் மகிழ்விக்க முயன்று தன்னைச் சுருக்கிக்கொள்கிறாள். தந்தை தரும் தாயகம் பாட்டுகளாலும் ஏக்கத்தாலும் ஆனது. மக்கள் அதைப் பார்த்ததுகூட இல்லை. ஊர் திரும்பும் நாள் நெருங்கியதும் ஷஹானா வீட்டைவிட்டு ஓடிவிடுகிறாள்.

இவ்விடத்தில் ஸஹீஹுல் புகாரீயில் உள்ள ஒரு நிகழ்ச்சி நம் நினைவில் எழுகிறது. மக்கத்துக் கொடுமைக்குத் தப்பி அபிசீனியா சென்ற முதல் முஹாஜிர்களுள் இளந்தம்பதியர் பலர். அவர்களின் பிள்ளைகள் சிலர் அங்கேயே பிறந்தனர். பல்லாண்டுகள் அங்கு வாழ்ந்த குடும்பங்களும் உண்டு. அவ்வாறு அங்குப் பிறந்த சிறுமி உம்மு காலித், மதீனா வந்தபின் தன் தந்தையுடன் அண்ணலாரின் முன் வருகிறாள். மஞ்சள் சட்டை அணிந்திருந்த அக்குழந்தையிடம் நபி (ஸல்) அவர்கள் ‘ஸனா, ஸனா’ என்றார்கள். அழகு என்னும் பொருள்படும் அபிசீனியச் சொல் அது. சிறுமி அண்ணலாரின் தோள்களிடையே இருந்த நுபுவ்வத்தின் முத்திரையைத் தொட்டு விளையாடினாள். தந்தை அதட்டினார், அவளை விட்டுவிடுமாறு அண்ணலார் கூறினார்கள்.

ஒரு சொல்தான். ஆனால் ஷஹானாவின் வீட்டில் ஒருவரும் சொல்லாத சொல் அது. திரும்பி வந்த குழந்தையிடம், பிறந்த நாட்டின் மொழியை மறந்துவிடு என்று நபியவர்கள் கூறவில்லை. அவள் மொழியிலேயே அவளை வரவேற்றார்கள். அதட்டலின்றி, ஒரு குழந்தை நெருங்கித் தொடக்கூடிய தூரத்தில் மார்க்கம் இருந்தது. சானுவின் மக்களுக்கு அது கிட்டவில்லை. தந்தையிடம் இருந்தது பண்பாட்டுப் பெருமை. தாயிடம் இருந்தது பொருளறியா ஓதல். தெருவில் இருந்தவை துண்டுப் பிரசுரங்களும் கூட்டங்களும். 2001 செப்டம்பருக்குப் பிந்திய கொந்தளிப்பில், இஸ்லாம் என்ற பெயரோடு அத்தெருவின் இளைஞர்களை நெருங்கியவை பிரசுரங்களும் கூட்டங்களுமே. வங்காளத்தில் திக்கிப் பேசும் கரீம் தன் அடையாளத்தை அவற்றில்தான் தேடுகிறான்.

இந்நாவல் நமக்கு அந்நியமானதன்று. வளைகுடா வாழ்வைப் பற்றி நம்மவர் எழுதியவற்றில் பெரும்பகுதி, தனியே சென்ற கணவனையும் ஊரில் காத்திருந்த மனைவியையும் பற்றியது. குடும்பமாகச் சென்றவர்களின் அடுக்குமாடி வாழ்க்கை நம் இலக்கியத்தில் போதிய அளவு எழுதப்படவில்லை. துபாயிலும் ரியாத்திலும் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு, விடுமுறையில் வந்து போகும் ஊர் ஓர் உறவினர் வீடு மட்டுமே. குடியுரிமை தராத நாட்டில் பிறந்து, பெற்றோரின் ஏக்கத்தில் மட்டுமே வாழும் ஊருக்கு உரியவர்களாக அவர்கள் வளர்க்கப்படுகின்றனர். தமிழைச் சரளமாகப் பேசவில்லை என்று விடுமுறைதோறும் அவர்களை நாம் கடிந்துகொள்கிறோம். அவர்களுள் ஒரு ஷஹானா இருக்கலாம். நாம் கவனிக்கத் தவறிய பீபிகள் பலர் இருக்கலாம்.

நாவலின் இறுதிக் காட்சியில் நஸ்னீனை அவள் மக்களும் தோழியும் பனிச்சறுக்குத் திடலுக்கு அழைத்துச் செல்கின்றனர். சேலையுடனும் சறுக்கலாம் என்பதே நாவல் தரும் முடிவு. மேலைத் திறனாய்வாளர் பலர் இதனைச் சுதந்திரத்தின் குறியீடாகப் போற்றினர். நாம் அக்காட்சியில் வேறொன்றைக் காண்கிறோம். தாயின் கண்ணைக் கட்டி அழைத்து வந்து, அவள் ஆசைப்பட்டதை அவளுக்கு அளிக்கும் அப்பெண்மக்கள் அவளை வெறுக்கவில்லை. தாயகத்தின் பெயரால் பிள்ளைகளை இழந்தவன் சானு. பிள்ளைகளோடு தங்கியதால் அவர்களைப் பெற்றவள் நஸ்னீன். அவளிடம் இன்னும் தொழுகை இருக்கிறது, குர்ஆன் இருக்கிறது. அதன் பொருளை அவள் தன் மக்களோடு சேர்ந்து, அவர்கள் அறிந்த மொழியிலேயே கற்கத் தொடங்குவாளாயின், அது இந்நாவலின் அடுத்த அத்தியாயமாக அமையும். மோனிகா அலி அதனை எழுதவில்லை. அதனை எழுதும் கடமை நம்மவருக்கு உண்டு. எழுதுவதற்கு முன் நம் இல்லங்களில் அதனை வாழ்ந்து காட்டும் கடமையும் உண்டு.