ரேகைச் சட்டம்: பிறப்பை எழுதும் கட்டம்

மனித உரிமை என்றாலே நம்மிடம் இரண்டு பேச்சுகள்தான் இருக்கின்றன. ஒன்று சட்டப் பேச்சு, மற்றது கண்ணீர்ப் பேச்சு. இரண்டுமே அடி விழுந்த பிறகு தொடங்குபவை. அடி விழுவதற்கு முன்னால் ஒரு பேரேட்டில் பெயர் விழுகிறதே, அதை நாம் அதிகம் பேசுவதில்லை. தகவல் என்பது அறத்துக்கும் அரசியலுக்கும் பண்பாட்டுக்கும் வெளியே நிற்கும் நிறமற்ற சரக்கு என்றொரு நம்பிக்கை முற்போக்காளர்களிடமும் ஊறிக்கிடக்கிறது. மதுரைக்காரர்கள் இதை நம்ப முடியாது. நம்ம பக்கத்துச் சனங்க ஒரு சட்டத்துக்கு வச்ச பேரே 'ரேகைச் சட்டம்'.

1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பழங்குடியினர் சட்டம், 1911இல் புதிதாக இயற்றப்பட்டபோது சென்னை மாகாணத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டது. மதுரைக்கு மேற்கே வாழ்ந்த பிறமலைக் கள்ளர்கள் இதன்கீழ் அறிவிக்கப்பட்டார்கள். பதிவான ஆண்கள் கைரேகை கொடுக்க வேண்டும். இரவில் காவலரின் கண்பார்வையில் படுக்க வேண்டும். ஊரைத் தாண்ட ராதாரிச் சீட்டு வேண்டும். என்ன செய்தான் என்பது கேள்வியே அல்ல. யாருக்குப் பிறந்தான் என்பதுதான் கேள்வி. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் கொல்லப்பட்டார்கள்.

இதை வெறும் போலீஸ் கொடுமை என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் துப்பாக்கிக்குப் பின்னால் ஓர் அறிவுத்துறை நின்றது. கைரேகைக்கென உலகின் முதல் காவல்துறைக் கூடம் 1897இல் கல்கத்தாவில்தான் திறக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் சாதி சாதியாக மூக்கையும் மண்டையையும் அளந்தார். அந்த அளவைக் கலையைப் போலீசாருக்கும் சொல்லிக்கொடுத்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய நூலை நாம் இன்றும் இனவரைவியல் ஆதாரமாக எடுத்தாள்கிறோம். அறிவும் அதிகாரமும் பிரிக்க முடியாதவை என்று ஃபூக்கோ சொன்னதைப் பாரீஸிலிருந்து இறக்குமதி செய்து விளக்க வேண்டியதில்லை. உசிலம்பட்டி பஸ் ஏறினால் போதும்.

பண்பாட்டுப் பக்கம் இன்னும் விசித்திரமானது. நான் இருப்பது வண்டியூரில். சித்திரைத் திருவிழாவில் ஆற்றில் இறங்கும் அழகர் எங்கள் ஊருக்குத்தான் வந்து சேர்கிறார். மலையிலிருந்து அவர் புறப்படுவது கள்ளர் வேடத்தில். கோயிலுக்கும் கள்ளர்களுக்கும் இருந்த மோதலும் உறவும் அந்த வேடத்துக்குள் இருப்பதைத் தொ. பரமசிவன் 'அழகர் கோயில்' நூலில் காட்டியிருக்கிறார். சாமிக்கு அந்த வேடம் அலங்காரம். மனிதனுக்கோ அந்தப் பெயர் குற்றப்பத்திரிகை. ஒரே நகரம், ஒரே காலம், இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கிறது. மொழியும் சும்மா இருக்கவில்லை. போலீஸ் பதிவேட்டின் ஆங்கிலச் சுருக்கெழுத்தான 'கேடி', வசவுச் சொல்லாகி வீட்டுக்குள் வந்துவிட்டது. பிள்ளையைச் செல்லமாகத் திட்டும்போதுகூட நாம் ஸ்டேஷன் பேரேட்டைத்தான் வாசிக்கிறோம்.

சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீக்கப்பட்டது, நாடு முழுவதும் 1952இல். பேரேடு போனதா? 1948இலேயே சென்னை மாகாணம் வழக்கமான குற்றவாளிகளுக்கென்று ஒரு சட்டம் போட்டது. பெருங்காமநல்லூர் சுடப்பட்ட அதே 1920இல் வந்த கைதிகள் அடையாளச் சட்டம் 2022 வரை உயிரோடு இருந்தது. அதை நீக்கி வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளங்காணல்) சட்டம் ரேகையோடு கருவிழியையும் கேட்கிறது. 75 ஆண்டுகள் வைத்திருக்க அனுமதிக்கிறது. தர மறுப்பது குற்றம். சோற்றுக்கும் இப்போது ரேகைதான். ரேஷன் கடை வரிசையில், "நல்லா அழுத்தி வையி ஆத்தா" என்கிறார்கள். "இருந்தாத்தானப்பா விழுகும்" என்கிறாள், ஆயுசெல்லாம் சிமெண்டுச் சட்டி தூக்கிய கிழவி. அன்று ரேகை வைக்க மறுத்தவன் குற்றவாளி. இன்று ரேகை தேய்ந்தவள் ஆளே இல்லை.

அப்படியானால் கணக்கே வேண்டாமா? அப்படிச் சொல்பவன் இடஒதுக்கீட்டின் எதிரி. சீர்மரபினர் என்ற பட்டியல் இல்லாமல் பழைய அநியாயத்துக்கு ஈடு கேட்க முடியாது. காவல் மரணத்தை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 1993இல் தேசிய மனித உரிமை ஆணையம் சொன்னதும் ஒரு கணக்குத்தான். அந்தக் கணக்கு காவலரை நோக்கிக் கேட்கிறது; ரேகைப் பேரேடு காவலரிடமிருந்து குடிசையை நோக்கிக் கேட்டது. ஆக, கணக்கை யார் எழுதுகிறார், யாரைக் கேட்கிறார், எழுதப்பட்டவர் அதைத் திருத்த முடியுமா என்பவையே அறக் கேள்விகள்.

நமக்கு வசதிப்படாத இடம் ஒன்று இருக்கிறது. அதே உசிலம்பட்டி வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. 2006 அக்டோபர் வரை அங்கே முறையாக ஒரு தலித் தலைவர் உட்கார முடியவில்லை. வேட்புமனு போட ஆளிருக்காது. போட்டு ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. ஒரு பேரேட்டில் வலுக்கட்டாயமாகப் பெயர் எழுதப்பட்ட மக்களின் வாரிசுகள், இன்னொரு பேரேட்டில் பிறர் பெயர் எழுதப்படாமல் பார்த்துக்கொண்டார்கள்.

இதைச் சொன்னால் தியாகிகளைக் கொச்சைப்படுத்துகிறாய் என்பார்கள். நான் சொல்வது நேர் எதிரானது. பெருங்காமநல்லூரில் மறுக்கப்பட்டது வெள்ளைக்காரனுடைய மைப்பெட்டி மட்டுமல்ல, பிறப்பை வைத்து ஆளை எழுதும் அந்தக் கட்டமே மறுக்கப்பட்டது. 'பிறவிக் குற்றவாளி' என்று அரசு எழுதிய இடத்தில் 'பிறவி வீரன்' என்று சுவரொட்டி அடித்தால் கட்டம் மாறவில்லை, உள்ளிருக்கும் சொல்தான் மாறியிருக்கிறது. 'தலைவர் நாற்காலிக்குத் தகாத பிறப்பு' என்று ஊர்க்கூட்டம் எழுதுவதும் அதே கட்டத்தில்தான். நினைவுத்தூணுக்கு மாலை போட்டுவிட்டு ஊராட்சி நாற்காலியைக் காலியாக வைத்திருப்பது தர்ஸ்டனின் வேலையைச் சம்பளமில்லாமல் தொடர்வது.

உண்மை அறியும் குழுக்களில் போகிற நண்பர்களுக்கும் இதையே சொல்வேன். பாதிக்கப்பட்டோர் பட்டியலோடு ஊர் திரும்பிவிடாதீர்கள். அந்த ஊரில் யார் பேரேட்டை யார் வைத்திருக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். போலீஸ் ஸ்டேஷன் அலமாரியில் மட்டுமல்ல, ஊர்ச் சாவடியிலும் ஒன்று இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கேள்வி கேட்காத மனித உரிமைப் பேச்சு, அடுத்த சாதியின் பெருமைப் பேச்சாகத்தான் போய் முடியும்.