இடைமொழி நூலும் மூலநூலும்: இரு இனுயிட் நாவல்களின் மொழிபெயர்ப்புகள் குறித்து

1. முன்னுரை

வடதுருவ மக்களைப் பற்றிய நூல்கள் இருவகைப்படும். அம்மக்களைப் பிறர் கண்டு எழுதியவை ஒரு வகை. அம்மக்களே தம் மொழியில் எழுதியவை மற்றொரு வகை. உலக வாசகர் நெடுங்காலம் அறிந்தது முதல்வகையை மட்டுமே. இரண்டாம் வகை நூல்களும் ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இடைமொழிகள் வழியாகவே பிறரைச் சென்றடைகின்றன. மூலத்திற்கும் வாசகருக்கும் இடையே நிற்கும் இந்நூல்களின் தன்மையை மதிப்பிடாமல் அவற்றிலிருந்து மீண்டும் மொழிபெயர்ப்பது எத்தகைய விளைவைத் தரும் என்பது மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ள வேண்டிய வினா. கனடாவின் இனுக்டிடுட் மொழியில் எழுதப்பட்ட இரு நாவல்களின் மொழிபெயர்ப்புகளைக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

2. பிறர் எழுதிய நூல்கள்

பிரான்ஸ் போவாஸ் 1888இல் வெளியிட்ட ‘மத்திய எஸ்கிமோக்கள்’ என்னும் நூலும், குனூட் ராஸ்முசன் தலைமையில் 1921 முதல் 1924 வரை நடந்த ஐந்தாம் துலே பயணத்தின் அறிக்கைகளும் இத்துறையின் அடிப்படை நூல்கள். கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்முசன் இளமை முதலே அம்மக்களின் மொழியைப் பேசியவர். ஆயினும் இக்லூலிக் மக்களின் அறிவுப் பண்பாடு பற்றி 1929இல் வெளிவந்த அவருடைய நூல் டேனிஷ் மொழியில் எழுதப்பெற்றுப் பின் ஆங்கிலமானது. எனவே மூலப் பேச்சுக்கும் ஆங்கில வாசகருக்கும் இடையே அங்கும் ஒரு மொழி நிற்கிறது.

இடைவழியில் செய்தி எவ்வாறு திரியும் என்பதற்குப் பனியைக் குறிக்கும் சொற்களின் கதை தக்க சான்று. போவாஸ் 1911இல் நான்கு வேர்ச்சொற்களை மட்டுமே எடுத்துக்காட்டினார். 1940இல் உவோர்ஃப் எழுதிய கட்டுரையில் அவ்வெண்ணிக்கை கூடியது. பின்னர் செய்தித்தாள்களில் நூற்றைக் கடந்தது. இத்திரிபை லாரா மார்ட்டின் 1986இலும், அவரைத் தொடர்ந்து ஜெஃப்ரி புல்லமும் வெளிப்படுத்தினர். ஒட்டுகள் பல சேர்ந்து ஒரு வாக்கியமே ஒரு சொல்லாகும் மொழியில் ‘எத்தனை சொற்கள்’ என்னும் வினாவே பொருந்தாது என்பதை மொழியியலார் எளிதில் உணர்வர்.

3. சானாக்

மிட்டியார்ஜுக் நப்பாலுக் (1931–2007) கியூபெக்கின் வடபகுதியாகிய நுனாவிக்கைச் சேர்ந்தவர். 1950களில், மொழி கற்க விரும்பிய கத்தோலிக்கக் குருமார் அன்றாடச் சொற்களைக் கொண்ட வாக்கியங்களை எழுதித்தருமாறு அவரைக் கேட்டனர். அவர் பட்டியல் எழுதுவதோடு நிற்கவில்லை. சானாக் என்னும் இளம் விதவையையும் அவள் மகள் குமாக்கையும் படைத்து அவர்கள் வாழ்வை எழுதத் தொடங்கினார். நாவல் என்னும் வடிவத்தை அவர் அதற்குமுன் படித்தவரல்லர். 1960களில் மானிடவியலார் பெர்னார் சலாடின் தாங்க்ளூர் அவருடன் பணியாற்றத் தொடங்கினார். அசையெழுத்தில் அமைந்த மூலம் 1984இலும், பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 2002இலும், பிரெஞ்சிலிருந்து பீட்டர் ஃப்ராஸ்ட் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2014இலும் வெளிவந்தன.

இந்நூலைக் கதைக்கோப்புக் குறைந்தது என்று கருதுவோர் அதன் தோற்றத்தை நோக்குவதில்லை. கிளை வெட்டல், தோல் பதனிடல், விளக்கிற்கு எண்ணெய் வார்த்தல், படகு செப்பனிடல் என ஒவ்வொரு செயலும் அதற்குரிய கருவிகளின் பெயர்களோடு வருகிறது. சொற்களைக் காத்து வைக்கும் நோக்கமே கதையின் நடையை வகுத்துள்ளது. இதை உணர்ந்த மொழிபெயர்ப்பாளர்கள் பல இனுக்டிடுட் சொற்களை அவ்வாறே நிறுத்திச் சொற்பொருள் பட்டியலும் இணைத்துள்ளனர். வாசிப்பின் ஓட்டம் இதனால் சற்றுத் தடைப்படுகிறது என்பது உண்மை. ஆனால் மூன்றாம் மொழிக்குக் கொண்டுசெல்வோர் ஆங்கிலச் சொல்லை விடுத்து மூலச்சொல்லையே பற்றிக்கொள்ள இம்முறை இடமளிக்கிறது.

4. எறியுளியும் வேட்டுவனும்

மார்க்கூசி பட்சாக் (1941–2020) இனுக்ஜுவாக் பகுதியில் பிறந்தவர். 1953இல் கனடிய அரசு வடக்கே தொலைவிலுள்ள ரெசொல்யூட்டுக்குக் குடிபெயர்த்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அக்குடிபெயர்ப்புக்காக அரசு 2010இல் மன்னிப்புக் கோரியது. விமானியாகப் பணியாற்றிய அவர் எழுதிய குறுநாவல் 1969–70இல் இனுக்டிடுட் இதழொன்றில் தொடராக வந்தது. வெறிகொண்ட பனிக்கரடியைத் தேடிச் சென்ற வேட்டையரில் கமிக் என்னும் இளைஞன் மட்டும் எஞ்சுகிறான். மீண்டு வந்தபின் தாயையும் மணக்கவிருந்த பெண்ணையும் கடலுக்கு இழந்து, தன் எறியுளியாலேயே உயிர்விடுகிறான்.

1970இல் ஆசிரியரே ஆங்கிலத்தில் தந்த வடிவம் ‘வேட்டுவனின் எறியுளி’ என்னும் பொருள்படும் தலைப்பில் வெளிவந்தது. அது இளையோருக்கான சாகசக் கதையாகப் பரப்பப்பட்டது. பிறமொழிகளுக்கும் அதுவே மூலமாயிற்று. அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே வலெரி ஹெனிட்யுக், மார்க்-அந்துவான் மாயு ஆகியோர் இனுக்டிடுட் மூலத்திலிருந்து நேரடியாகப் பெயர்த்த ஆங்கில, பிரெஞ்சுப் பதிப்புகள் வெளியாயின. 1970ஆம் ஆண்டு நூல் மொழிபெயர்ப்பன்று, தழுவலே என்பது அவர்கள் பணியால் தெளிவாயிற்று.

தலைப்பொன்றே இவ்வேறுபாட்டைக் காட்டப் போதுமானது. மூலத்தலைப்பு ‘உமாஜுர்சியுட்டிக் உனாட்டுயின்னாமுட்’ என்பதாகும். ‘உமாஜுக்’ என்பது உயிர்வாழ்வது, அதாவது விலங்கு. ‘சியுக்’ தேடுதலையும் ‘டிக்’ செய்பவனையும் குறிக்கும். ‘உனாக்’ எறியுளி, ‘டுயின்னாக்’ என்பது ‘மட்டும்’ என்னும் பொருளுடைய ஒட்டு, ‘முட்’ வேற்றுமை உருபு. மூலத்தில் தலைமைச்சொல் வேட்டுவன். 1970ஆம் ஆண்டுத் தலைப்பில் அவ்விடத்தைக் கருவி பெற்றுவிட்டது. புதிய ஆங்கிலத் தலைப்பு வேட்டுவனைத் தலைமைச்சொல்லாக மீட்டாலும் ‘மட்டும்’ என்னும் பொருளை அதுவும் காட்டவில்லை. துப்பாக்கி இல்லாத காலத்தில் கரடியை எதிர்கொள்ளும் மனிதரின் நிலை முழுவதும் அந்த ஓர் ஒட்டில் அடங்கியுள்ளது.

ஆங்கில வடிவம் ஆசிரியர் கையால் அமைந்தது என்பதால் அதைப் பிழை எனல் பொருந்தாது. அது இன்னொரு வாசகர் கூட்டத்திற்காக அவரே செய்த இரண்டாம் படைப்பு. தழுவலை மூலமாகக் கொண்டு பிறமொழிகளுக்குக் கொண்டுசென்றதே குறை.

5. தமிழ் மொழிபெயர்ப்பாளர் நோக்கில்

பிறமொழி நாவல்களுள் பல ஆங்கிலம் வழியாகவே தமிழுக்கு வந்தவை. ஆகவே மேற்கண்ட சிக்கல் தமிழுக்கும் உரியதே. தமிழால் காக்க இயன்றவையும் ஆங்கிலம் இடைநிற்பதால் இழக்கப்படுகின்றன. இதற்கு மூன்று சான்றுகள் காட்டலாம்.

முதலாவது, படர்க்கை. தன்னுடையது, பிறனுடையது என்னும் வேறுபாட்டை இனுக்டிடுட் உருபுகளால் உணர்த்துகிறது. ஆங்கிலப் படர்க்கை உடைமைச்சொல் அவ்வேறுபாட்டைக் காட்டாது. தமிழில் ‘தன் நாய்’, ‘அவன் நாய்’ என இரண்டும் தெளிவாக வேறுபடும். மாறாக, மூலம் படர்க்கையில் ஆண், பெண் பாகுபாடு காட்டுவதில்லை. தமிழ் வினைமுற்று அதைக் காட்டியே தீரும். முன்னதில் ஆங்கிலத்தைப் பின்பற்றுவது தேவையற்ற இழப்பு. பின்னதில் இழப்பு தவிர்க்க இயலாதது.

இரண்டாவது, பொருட்பெயர். கருவியின் பெயருக்கு ‘ஈட்டி’ என்பதே எளிதில் கைக்கு வரும் சொல். ஆனால் மூங்கிற் காம்பில் செருகிப் பரதவர் பெருமீன்மீது எறியும் ‘எறியுளி’ குறுந்தொகையிலேயே (304) உண்டு. செய்பொருளும் வேலையும் ஒத்த சொல் இருக்கப் பொதுச்சொல் வேண்டுவதில்லை. ‘எறியுளி ஒன்றே கொண்ட வேட்டுவன்’ என்னும் தலைப்பு எவ்வகையிலும் மூலத்திற்கு நெருங்கியது.

மூன்றாவது, பனி. ‘பனி’ என்னும் தமிழ்ச்சொல் பனித்துளி முதல் பனிக்கட்டி வரை அனைத்தையும் தழுவும். மூலத்தில் தரையில் கிடக்கும் பனி ‘அபுட்’. உறைந்த கடல் ‘சிகு’. கதைமாந்தரின் உயிர் கடற்பரப்பின் உறுதியைச் சார்ந்திருக்கும் இடங்களில் ‘பனி’ என்று மட்டும் எழுதினால் நிகழ்ச்சியே விளங்காது. ‘உறைகடல்’, ‘தரைப்பனி’ எனப் பிரித்து எழுதுதல் இன்றியமையாதது. மக்கட்பெயரிலும் கவனம் தேவை. ‘இனுக்’ ஒருமை, ‘இனுயிட்’ பன்மை; ‘இனுயிட்டுகள்’ என்பது பன்மைமேல் பன்மையாகும்.

6. முடிவுரை

சானாக்கின் ஆங்கில வடிவம் இரு மொழிகளைக் கடந்து வந்தது. பட்சாக்கின் 1970ஆம் ஆண்டு வடிவத்திற்கும் மூலத்திற்கும் இடையே வேறு மொழி எதுவும் இல்லை. இருப்பினும் மூன்றாம் மொழிக்கு ஏற்றது முன்னதே. தான் எங்கிருந்து வந்தது, எச்சொல்லைப் பெயர்க்காமல் விட்டது என்பவற்றை அது மறைக்கவில்லை. எனவே இடைமொழி நூலின் தகுதியை அது கடந்து வந்த மொழிகளின் எண்ணிக்கை முடிவு செய்வதில்லை. தன் வழியை அது எவ்வளவு வெளிப்படையாகக் காட்டுகிறது என்பதே முடிவு செய்கிறது. இனுயிட் நூலொன்றைத் தமிழாக்க முனைவோர் முதலில் தேட வேண்டியது சொற்பட்டியலும் மூலப்பகுதியும் உடைய பதிப்பையே. அத்தகைய பதிப்புகள் இன்று கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் நன்றாக ஓடுகிறது என்பதற்காக மட்டும் ஒரு பதிப்பைத் தெரிவு செய்தால், வேட்டுவன் இருக்க வேண்டிய இடத்தில் தமிழிலும் அவன் கருவியே நிற்கும்.